தெரியாத கைப்பிடி: ஒண்ணாப்பு முதல் அஞ்சாப்பு வரை ஓவியம்

போன வருஷம் ஆபீஸில் ஒரு மதியம், சாப்பிட்டு முடித்த கையோடு, டீமில் இருந்த பதினோரு பேரிடமும் ஆளுக்கொரு சின்னத் தாளைக் கொடுத்து, "ஒரு இயற்கைக் காட்சி வரைங்க, ரெண்டு நிமிஷம்தான்" என்றேன். ஒன்பது பேர் ஒரே படத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். உங்களுக்கும் தெரிந்த படம்தான். ரெண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஒரு பக்கம் குடிசை, குடிசையை ஒட்டிச் சாய்ந்த தென்னை, மேலே எம் எழுத்து மாதிரி நாலு பறவை. வரைந்தவர்களில் ஒருத்தர் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊர்க்காரர். "உங்க ஊர்ல மலை எங்க பாஸ் இருக்கு?" என்று கேட்டேன். "இல்லதான். ஆனா சீனரின்னா இதான?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அது மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. தினமும் சிக்கலான சாஃப்ட்வேரை வடிவமைக்கிற ஆட்கள். வரைவதில் மட்டும் எல்லாரும் ஒன்பது, பத்து வயசோடு நின்றுபோயிருக்கிறோம், அதுவும் ஒரே படத்தில்.

என் கதையும் வேறில்லை. நாலாம் வகுப்பில் எங்கள் வீட்டு மாட்டை வரைந்தேன். நாலு காலும் ஒரே வரிசையில் நிற்கும், முகம் பக்கவாட்டில் இருக்கும், கொம்பு ரெண்டும் மட்டும் நேராகப் பார்த்த மாதிரி விரிந்திருக்கும். வாத்தியார் நோட்டைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். வகுப்பே சிரித்தது. அவரைக் குறை சொல்ல இப்போது தோன்றவில்லை. அவருக்கும் யாரும் இதையெல்லாம் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் நான் வரைவதற்காகப் பென்சில் பிடித்தது பி.இ. முதல் வருஷம், இன்ஜினியரிங் கிராபிக்ஸ் வகுப்பில்தான்.

இதைத் தோண்டிப் பார்க்கவேண்டும் என்று கிளம்பியதற்குக் காரணம் என் மகள். அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பஸ் வரைந்தாள். பஸ்ஸின் வெளிப்புறம் தெரிகிறது, சக்கரம் தெரிகிறது, அதே சமயம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் காலும், சீட்டுக்கடியில் இருக்கும் பையும், டிரைவரின் காலடியில் கிளட்சும் தெரிகிறது. நோட்டில் சிவப்பு மையில் குறிப்பு: பஸ்ஸுக்குள் இருக்கும் கால் வெளியே தெரியாது, திருத்தி வரையவும். அவள் திருத்தினாள். கறுப்புக் கிரேயானால் அத்தனை காலையும் அடைத்து மூடினாள். அந்தப் பக்கத்தை இன்னமும் வைத்திருக்கிறேன்.

படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இது நூறு வருஷத்துக்கும் மேலாக ஆட்கள் உட்கார்ந்து யோசித்த விஷயம் என்று. 1880களில் கொராடோ ரிச்சி என்ற இத்தாலியக் கலை வரலாற்று ஆசிரியர் மழைக்காகப் போலோனியா நகரத்து மண்டபம் ஒன்றில் ஒதுங்கியிருக்கிறார். சுவரில் பிள்ளைகள் கிறுக்கி வைத்திருந்ததைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்து, 1887ல் குழந்தைகளின் ஓவியம் பற்றி ஒரு சின்னப் புத்தகமே எழுதிவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர் ஜார்ஜ் ஆன்ரி லூக்கே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் தன் சொந்த மகள் வரைந்த படங்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்து 1913ல் ஒரு நூலும், அந்த யோசனைகளை விரித்து 1927ல் இன்னொன்றும் எழுதினார். மகளின் நோட்டைப் பத்திரப்படுத்துகிற இன்னொரு அப்பா. மனசுக்கு நெருக்கமாகிவிட்டார்.

லூக்கே சொல்வது இதுதான். சின்னப் பிள்ளை தான் பார்ப்பதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. பஸ்ஸுக்குள் கால் இருப்பது அதற்குத் தெரியும், அதனால் கால் படத்தில் இருக்கும். மாட்டுக்கு நாலு கால், ரெண்டு கொம்பு. ஒன்றுகூட இன்னொன்றுக்குப் பின்னால் மறையக்கூடாது. இதற்கு அவர் வைத்த பெயர் அறிவு சார்ந்த யதார்த்தம். ஓர் இடத்தில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறதோ அதை மட்டும் வரைவது கண் சார்ந்த யதார்த்தம். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் பிள்ளைகள் ஒரே நாளில் தாவுவதில்லை, பல வருஷம் எடுத்து மெல்ல நகர்கிறார்கள்.

இதைப் படித்தவுடன் எனக்கு ஞாபகம் வந்தது கல்லூரி ட்ராயிங் ஹால்தான். அங்கே நாம் என்ன செய்தோம்? ஒரு பொருளின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் ஒரே தாளில் போட்டோம். உள்ளே இருப்பதைக் காட்ட வெட்டுத் தோற்றம் போட்டோம். கண்ணுக்குத் தெரியாத விளிம்பை விட்டுவிட்டால் மார்க் போகும், புள்ளிக்கோட்டில் கட்டாயம் காட்டவேண்டும். என் மகள் போட்டது பஸ்ஸின் வெட்டுத் தோற்றம். நான் போட்டது மாட்டின் பக்கத்தோற்றமும் கொம்பின் முன்தோற்றமும் ஒட்டிய படம். எட்டு வயசில் அடித்துத் திருத்தியதைப் பதினெட்டு வயசில் காசு வாங்கிக்கொண்டு திருப்பிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்! ரெண்டும் அச்சு அசல் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இன்ஜினியர் தெரிந்தே செய்கிறார், பிள்ளை தானாகச் செய்கிறது. ஆனால் நோக்கம் ஒன்றுதான்: பொருளைப் பற்றிய தகவல் எதுவும் தொலையக்கூடாது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு பரிசோதனை உண்டு. 1972ல் நார்மன் ஃப்ரீமனும் அவரோடு சேர்ந்து ஒருவரும் செய்தது. பூப் போட்ட ஒரு கோப்பையை, கைப்பிடி பின்னால் மறைந்து பூ மட்டும் முன்னால் தெரிகிற மாதிரி வைத்து, 5 முதல் 9 வயசுப் பிள்ளைகளிடம் "கண்ணுக்குத் தெரியறதை வரை" என்றார்கள். சின்னவர்கள் பெரும்பாலும் தெரியாத கைப்பிடியை வரைந்தார்கள், கண்முன்னால் இருந்த பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயசையொட்டி இது தலைகீழாகிறது. நான் எங்கள் வீட்டுக் காபி கப்பை வைத்துப் பார்த்தேன். தம்பி மகன், ஆறு வயசு, கைப்பிடியோடு வரைந்தான். "கைப்பிடி தெரியுதாடா?" என்றேன். "தெரியல பெரியப்பா. ஆனா இருக்குல்ல?" என்றான். பத்து வயசு ஆகியிருந்த என் மகள் கைப்பிடி இல்லாமல் வரைந்துவிட்டு, "இது டம்ளர் மாதிரி இருக்கு, நல்லா வரல" என்று கசக்கப் போனாள்.

அந்த "நல்லா வரல"தான் இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

விக்டர் லோவன்ஃபெல்டு என்பவரைக் கலைக்கல்வி பற்றிப் படிக்கிறவர்கள் தவிர்க்க முடியாது. 1903ல் ஆஸ்திரியாவில் பிறந்து, வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளோடு களிமண்ணில் வேலை செய்தவர். 1938ல் நாஜிகள் வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1947ல் அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. அதில் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிகளாகப் பிரிக்கிறார். தோராயமாக 2 முதல் 4 வயசு வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை வட்டத் தலையிலிருந்து நேராகக் கை கால் முளைக்கும் மனிதர்கள். 7 முதல் 9 வரை மனிதனுக்கு ஒரு வடிவம், மரத்துக்கு ஒரு வடிவம் என்று தனக்கென ஒரு முறை உறுதியாகிறது, தரைக்கு ஒரு கோடு, வானத்துக்கு ஒரு கோடு வருகிறது. 9 வயசுக்கு மேல் பிள்ளை தன் படத்தைப் பக்கத்துப் பையன் கண்ணால் பார்க்க ஆரம்பிக்கிறது. நிஜத்தோடு ஒப்பிடுகிறது, தோற்கிறது, சுருங்குகிறது.

நம் ஊர் தொடக்கப் பள்ளிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒண்ணாப்பில் அஞ்சரை, ஆறு வயசு. அஞ்சாப்பு முடியும்போது பத்து வயசு. அந்த அஞ்சு வருஷத்துக்குள் மூன்று படிகள் அடங்குகின்றன. ஒரே கட்டடத்தில், சில ஊர்களில் ஒரே அறையில்.

அப்படி ஒரு அறைக்குள் நான் போய் மாட்டிக்கொண்டது தற்செயலாகத்தான். மதுரையிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில், எங்கள் பூர்வீக ஊருக்குப் பக்கத்து ஊரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 34 பிள்ளைகள், ரெண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியை என் அம்மாவுக்குத் தெரிந்தவர். "தம்பி, படம் வரையறதப் பத்தி என்னமோ படிச்சுக்கிட்டே இருக்கீங்களாமே. மாசம் ரெண்டு வெள்ளிக்கிழமை, சத்துணவு முடிஞ்ச பெறகு வந்து பிள்ளைகளுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுங்களேன்" என்றார். உடனே தலையாட்டிவிட்டேன். குழந்தைகளை வைத்து ஒரு வகுப்பு நடத்திய அனுபவம் பூஜ்யம்.

முதல் வெள்ளிக்கிழமை நான் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு படித்துவிட்டு, நெட்டிலிருந்து ஒரு மயில் படத்தை எடுத்து 34 பிரிண்ட் போட்டு, கிரேயான் பெட்டிகளோடு போய் நின்றேன். ஒண்ணாப்புக்காரர்கள் நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். முடித்தார்கள் என்றால், ஒரே கலரை மயில், மானம், தரை எல்லாவற்றின் மேலும் இழுத்துவிட்டு வெளியே ஓடினார்கள். அஞ்சாப்புக்காரர்கள் கலரையே தொடவில்லை. "சார், கழுத்துக்கு என்ன கலரு? வாலுக்கு? இது கரெக்டா சார்?" ஒரே ஒரு பையன், ரெண்டாப்பு, தாளைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் தன் ஆட்டை வரைந்துகொண்டிருந்தான். அன்றைக்கு நடந்த ஒரே உருப்படியான காரியம் அது.

கிளம்பும்போது டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எண்ணும் எழுத்தும்ல நாங்க அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு ஒரே ரூம்ல மூணு வேலை குடுத்துக்கிட்டிருக்கோம் தம்பி. நீங்க என்னடான்னா ஒண்ணாப்புலேர்ந்து அஞ்சாப்பு வரைக்கும் ஒரே மயிலக் குடுக்குறீங்க!"

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022ல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கிய திட்டம் அது. பிள்ளையின் கற்றல் நிலையைப் பார்த்து வேலை கொடுப்பது. லோவன்ஃபெல்டைப் புரட்டிய எனக்குப் புரியாதது, அவரைப் பற்றிக் கேள்விப்படாத டீச்சருக்கு அன்றாட வேலையாக இருந்தது.

அடுத்த தடவை எல்லாருக்கும் ஒரே பொருளை எடுத்துப் போனேன், வேலையை மட்டும் மாற்றினேன். பொருள்: இலை. பள்ளிக்கூடத்தைச் சுற்றி வேம்பு, பூவரசு, புங்கை, ஆமணக்கு எல்லாம் இருக்கிறது. ஒன்று, ரெண்டாப்புக்கு: இலையின் நரம்புப் பக்கம் மேலே தெரிய வைத்து, அதன்மேல் தாளைப் போட்டு, மேலுறையை உரித்த கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்ப்பது. நரம்பெல்லாம் தாளில் எழும்பும்போது அந்தப் பிள்ளைகள் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். மூணாப்புக்கு: வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழி, வழியில் என்னென்ன மரம் என்று வரைவது. நாலு, அஞ்சாப்புக்கு: ஓர் இலைமேல் இன்னொரு இலையை வைத்து, எது எதை மறைக்கிறதோ அப்படியே வரைவது. முக்கால் மணி நேரம் யாரும் வெளியே ஓடவில்லை.

அதிலிருந்து ஒன்றரை வருஷம் போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வயசிலும் என்ன எடுபடுகிறது என்று பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, ரெண்டாப்புப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். ஏ4 தாள் அவர்களுக்குச் சிறை. தோளிலிருந்து கை அசையவேண்டும், அதனால் வராந்தாத் தரையில் சாக்பீஸ், பழைய காலண்டரின் பின்பக்கம், செய்தித்தாள்மேல் தடிமனான பிரஷ். பென்சில் வேண்டவே வேண்டாம். படத்தைக் காட்டும்போது "என்ன இது?" என்று கேட்பதை நிறுத்தப் பழகினேன். அந்தக் கேள்விக்குள் "எனக்குப் புரியவில்லை" என்ற பதில் ஒளிந்திருக்கிறது, பிள்ளைக்கு அது தெரிந்துவிடுகிறது. "இதைப் பத்திச் சொல்லு" என்றால் கதை கொட்டும். மனிதர்களில் பெரியவர் யார் என்றால் உயரமானவர் இல்லை, முக்கியமானவர். ஒரு பாப்பா படத்தில் ஆயா வீட்டைவிடப் பெரிசு. திருத்த என்ன இருக்கிறது அதில்?

களிமண்ணும் இவர்களுக்கு நன்றாக வரும். அதில் ஒரு சொதப்பல். பக்கத்துக் காட்டுக் கரிசல் மண்ணையே பிசைந்து கொடுத்துவிட்டேன். அடுத்த முறை போனபோது யானை, பிள்ளையார், டிராக்டர் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன, ரெண்டு பேர் அழுதுவிட்டார்கள். கரிசல் ஈரத்தில் ஊதி, காயும்போது சுருங்குகிற மண். வெயில் காலத்தில் காடே வெடிப்பதை நாம் பார்க்கிறோம், ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. கண்மாய் வண்டலில் கொஞ்சம் மணல் சேர்த்து, வெயிலில் வைக்காமல் நிழலில் மெல்லக் காயவிட்டபோது வெடிப்பு வெகுவாகக் குறைந்தது.

மூணாப்புதான் என் செல்லம். லூக்கே சொன்ன அந்த வெட்டுத் தோற்ற வயசு. இவர்களிடம் "தெரியறதை வரை" என்று மல்லுக்கட்டுவதைவிட, அவர்களுக்குப் பிடித்ததையே வேலையாகக் கொடுத்துவிடலாம். எறும்புப் புற்றுக்குள்ளே என்ன இருக்கும்? கிணற்றைப் பாதியாக வெட்டினால்? ஆஸ்பத்திரிக்குள்ளே? கிணற்றுப் படத்தில் ஒரு பெண் மோட்டார், பைப்பு, ஆமை, எப்போதோ விழுந்த வாளி, வாளிக்குள் ஒரு தவளை எல்லாம் வரைந்திருந்தாள். வழி வரைந்தபோது ரோட்டின் ரெண்டு பக்க மரமும் ஆளுக்கொரு பக்கமாகப் படுத்துக் கிடந்தன. தாளைச் சுற்றிச் சுற்றி வரைந்தால் அப்படித்தான் வரும். அந்தத் தாளை ரோட்டை ஒட்டி ரெண்டு பக்கமும் மடித்து நிமிர்த்தினேன், மரங்கள் எழுந்து நின்றன. நான் செய்த ஒரே மேஜிக் அது. அடுத்த வாரம் அவர்களே மடித்து நிற்கும் தெருவைச் செய்தார்கள், வீடு, கோயில், டீக்கடையோடு.

இப்போது நாலு, அஞ்சாப்பு. இங்கேதான் ஆபத்து. இலை வரைந்த அன்று அஞ்சாப்புப் பையன் ஒருத்தன் தாளைத் தொடவே இல்லை. "எனக்கு வராது சார்." கபடியில் முதல் ஆள், வாய்ப்பாட்டில் முதல் ஆள். படம் என்றால் மட்டும் கையைக் கட்டிக்கொள்வான். பக்கத்தில் இருந்தவன் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டையே போட்டிருந்தான்.

இந்த வயசுப் பிள்ளைக்கு "சும்மா மனசுக்குத் தோணுறதை வரை, எல்லாமே அழகுதான்" என்று சொன்னால் நம்பாது. அதற்குத் தெரியும், தான் நினைத்த மாதிரி வரவில்லை என்று. சின்ன வயசில் பாராட்டு போதும். இங்கே வித்தை வேண்டும். யாராவது உட்கார்ந்து, எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தரவேண்டும். கணக்கில் கடன்வாங்கிக் கழித்தல் தானாக வரும் என்று நாம் விட்டுவிடுவதில்லை. ஓவியத்தில் மட்டும் வரப்பிரசாதம் என்று கைகழுவி விடுகிறோம்.

எனக்குக் கைகொடுத்தவை ரெண்டு பழைய பயிற்சிகள். ஒன்று கிமோன் நிக்கோலாய்டிஸ் என்ற ஓவிய ஆசிரியரின் 1941ம் வருஷத்துப் புத்தகத்தில் வருகிறது. தாளைப் பார்க்காமல், பொருளின் விளிம்பில் எறும்பு ஊர்கிற மாதிரி கண்ணை நகர்த்தி, அதே வேகத்தில் பென்சிலை நகர்த்துவது. தங்கள் இடது கையையே பார்த்து வரையச் சொன்னேன். தாளைப் பார்க்கக்கூடாது என்பது விதி, ரப்பர் தடை. எல்லாருக்கும் கோணல் மாணலாகத்தான் வரும், அதனால் யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்தக் கோணலுக்குள் உண்மையான நகம், உண்மையான மடிப்பு இருக்கும். இன்னொன்று பெட்டி எட்வர்ட்ஸ் 1979ல் பிரபலமாக்கியது: ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து, தலைகீழாகவே பார்த்து வரைவது. வலது மூளை இடது மூளை என்று அவர் சொன்ன விளக்கத்தை இன்றைய விஞ்ஞானம் அப்படியே ஏற்பதில்லை. பயிற்சி மட்டும் வேலை செய்கிறது. தலைகீழாக இருக்கும்போது "இது மூக்கு" என்று பிள்ளைக்குத் தோன்றுவதில்லை, அதனால் தெரிந்த மூக்கை வரையாமல் பார்த்த கோட்டை வரைகிறது.

கையைக் கட்டிக்கொண்டிருந்தவன் கை வரைகிற அன்றைக்கு மட்டும் பென்சிலை எடுத்தான். பார்க்காமல் வரைவதில் தோற்க வழியில்லை என்பதாலோ என்னவோ. முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தான். சுண்டுவிரலில் அரிவாள் பட்ட பழைய தழும்பு ஒன்று, சின்ன ரெண்டு கோடாக அதில் விழுந்திருந்தது. "சார், இது என் கைதான்" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

வெண்டைக்காய் அச்சு, உருளைக்கிழங்கு அச்சு இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதிகம் சொல்லவேண்டாம். அஞ்சாப்புக்கு அதையே வரிசை, திருப்பம் என்று வடிவமைப்பு வேலையாக மாற்றிக் கொடுத்தால் போதும். கோலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம். வரையவே வராது என்று சொன்ன பெண்களில் ரெண்டு பேர் வீட்டு வாசலில் தினமும் சிக்குக் கோலம் போடுகிறவர்கள்! அது ட்ராயிங் கணக்கில் வராது என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974ல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். என் மாதிரி கோடு அடிக்கிற ஆளுக்கு இது கிறக்கம் தரும் விஷயம், தனியாக எழுதவேண்டும். வகுப்பில் நான் செய்தது எளிது. அந்த ரெண்டு பெண்களையும் டீச்சராக்கி, பையன்களைப் புள்ளி வைக்கச் சொன்னேன். முதலில் "பொம்பளப் பிள்ள வேலை" என்று முனகினார்கள். கையை எடுக்காமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும் என்றதும் அது போட்டியாகிவிட்டது.

கலர் செலவைப் பற்றி டீச்சர்கள் கேட்பார்கள். மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்த தாளில் சோப்புத் தண்ணியால் வரைந்தால் செக்கச் சிவந்த கோடு வரும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலை. சுண்ணாம்பு சின்னக் கைகளுக்கும் கண்ணுக்கும் ஆகாது, சோப்பு போதும். சங்குப்பூவைக் கொதிக்கவைத்த நீலத்தில் எலுமிச்சை விட்டால் ஊதா, ஆப்பச்சோடா போட்டால் பச்சைக்குத் திரும்பும். அறிவியல் பாடமும் முடிந்தது. கிரேயான் மட்டும் வாங்கித்தான் ஆகவேண்டும்.

காப்பியடிப்பது பற்றி ஒரு வார்த்தை. லோவன்ஃபெல்டு கலரிங் புத்தகங்களுக்குக் கடும் எதிரி. மயில் நாளுக்குப் பிறகு நானும் அவர் கட்சியில் சேர்ந்திருந்தேன். ஆனால் 1970களில் பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் தம்பதி அவரோடு மோதினார்கள். பிள்ளைகள் தானாக மலர்வதில்லை, காமிக்ஸ், டி.வி., பக்கத்துப் பையன் என்று பிற படங்களிலிருந்துதான் வரையக் கற்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். வகுப்பில் பார்த்தபிறகு வில்சன் பக்கம்தான் அதிகம் சாய்கிறேன். கார்ட்டூன் பொம்மையைப் பார்த்து வரைகிற பையன் கை வளைவதைக் கற்றுக்கொள்கிறான். அதைத் தடுப்பானேன்? ரெண்டு மலைப் படமும் காப்பி என்பதால் எனக்கு உறுத்தவில்லை. எல்லாருக்கும் ஒரே ஒரு படம் கிடைத்தது, அதற்கடுத்தது கிடைக்கவே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

கிடைக்காததற்கு ஆசிரியர்களைத் திட்டுவது எளிது. 2009ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். 6 முதல் 8 வகுப்புகளில், பிள்ளைகள் 100 பேருக்கு மேல் இருந்தால், கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்குமாகப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை எடுத்தது அந்த வகுப்புகளுக்குத்தான். 1 முதல் 5 வரைக்கு அட்டவணையில் அப்படி ஒரு வரி கிடையாது. தொடக்கப் பள்ளி டீச்சரே தமிழ், கணக்கு, பதிவேடு எல்லாவற்றோடும் ஓவியத்தையும் பார்க்கவேண்டும். பிள்ளை கையைக் கட்டிக்கொள்ள ஆரம்பிப்பது ஒன்பது வயசில். ஓவிய ஆசிரியர் வந்தால் வருவது பதினோரு வயசில். அந்த ரெண்டு வருஷ இடைவெளிக்குள்தான் எங்கள் டீமில் ஒன்பது பேரும் விழுந்திருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

வாய்ப்பாட்டுப் பையன் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டான். போவதற்கு முன் டீச்சரிடம் தன் தாள்களைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். கை வரைந்த தாளை மட்டும் விட்டுப் போயிருந்தான், வராந்தாச் சுவரில் மைதாப் பசையால் ஒட்டியிருந்ததால் பிய்த்தால் கிழியும் என்று. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இப்போது மூணாப்புக்காரர்கள் சாக்பீஸில் அவரவர் கையை வைத்துச் சுற்றி வரைந்திருக்கிறார்கள், உள்ளே எலும்போடு.